எழுப்பிக்கொண்டே இருந்த நாள்

ஹோலிக்கு முந்தைய நாள் காலை என் தம்பியின் கையிலிருந்து டீ டம்ளர் நழுவி விழுந்தது. விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை. டெல்லி முனிர்காவில் அவன் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, டம்ளர் இன்னும் கையில் இருப்பதுபோலவே மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தானாம். சிதறிய கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது அவனுடைய வாயின் இடது ஓரம் கீழே இறங்கியிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இடது பக்கமாகச் சரிந்து கதவில் சாய்ந்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது. நான் கரோல் பாகில் இருக்கிறேன். அலுவலகத்துக்குக் கிளம்பி ஸ்கூட்டியை வெளியே எடுத்திருந்தேன். திருப்பி நேராக மருத்துவமனைக்கு ஓட்டினேன்.

எங்கள் அப்பா திருநெல்வேலியிலிருந்து ஒரு மத்திய அமைச்சகத்துக்கு எழுத்தராக வந்தவர். நானும் தம்பியும் இங்கேயே பிறந்தோம். அப்பாவைப் போலவே நானும் அரசாங்க வேலைக்குப் போனேன். தம்பிக்கு நாற்காலி ஒத்துவராது. லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நாள் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், மெஷின் அறையில் நின்றுகொண்டு ஊழியர்களை இந்தியில் விரட்டிக்கொண்டிருப்பான். மந்திர் மார்க் பள்ளியில் எட்டாவது வரை தமிழில் படித்தவன்தான். ஆனாலும் யோசிப்பது, கணக்குப் போடுவது, கோபப்படுவது எல்லாம் இந்தியில். என்னிடம் மட்டும் வீட்டுத் தமிழ், அதிலும் பாதி இந்தி.

அவன் மனைவி உத்தராகண்டில் கட்வால் மலைப் பக்கத்துப் பெண். அவன் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள்; இருவரும் தாங்களாக விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். என்னை ‘தீதி’, அக்கா, என்று இந்தியில் கூப்பிடுவாள். மரியாதையாக இருப்பாள், நானும் அப்படித்தான். எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. சண்டை போடும் அளவுக்கு நெருக்கமும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் எடுத்து முடித்திருந்தார்கள். வார்டு டாக்டர் ஒரு இளம்பெண், முப்பது வயதிருக்கும். எங்கள் இருவரையும் ஓரமாக அழைத்துப் போய் நிதானமாகச் சொன்னார். மூளையின் வலது பாதிக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அடைத்துவிட்டது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட, அது எப்போது தொடங்கியது என்று தெரிய வேண்டும். இவனுக்குத் தூக்கத்திலேயே வந்திருக்கலாம், அதனால் போட முடியாது. குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பை எடுப்பதற்கும் காலம் கடந்துவிட்டது. அந்தப் பகுதி ஏற்கெனவே பெரிதாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு பெரிய பாதிப்பு வந்தால் அடுத்த இரண்டு மூன்று நாளில் மூளை வீங்கலாம். எல்லோருக்கும் ஆபத்தாகிவிடும் என்றில்லை. ஆனால் சிலருக்கு வீக்கம் அளவு மீறிப் போகும், அப்போது உயிருக்கே ஆபத்து. தூக்கம் கூடிக்கொண்டே போவது, கூப்பிட்டால் விழிக்க முன்பைவிட நேரமாவது, பேச்சு குறைவது, தலைவலி, வாந்தி, இருக்கிற பலவீனம் இன்னும் அதிகமாவது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள் என்றார். கண்ணின் கருமணி ஒன்று பெரிதாகிவிடுவது பிந்திய அடையாளம், அதுவரை காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

“நாங்களும் அடிக்கடி பார்ப்போம். ஆனா அவர் சாதாரணமா எப்படி இருப்பார்னு உங்களுக்குத்தான் தெரியும்” என்றார் இந்தியில். தம்பி மனைவி தலையை ஆட்டினாள். அவள் காதில் எவ்வளவு விழுந்தது என்று சொல்ல முடியாது. அவள் கையில் இன்னும் அவனுடைய செருப்பு இருந்தது.

அன்றைக்கு முழுவதும் அவன் பேசிக்கொண்டே இருந்தான். எங்களை ஏமாற்றியது அதுதான். தலையும் கண்ணும் வலது பக்கமாகவே திரும்பியிருந்தன, இடது கை போர்வைமேல் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோலக் கிடந்தது. வாய் மட்டும் ஓயவில்லை. இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் தளத்தோடு சேர்ந்து நிற்கவில்லை, ஸ்ட்ரெச்சர் சக்கரம் இடிக்கிறது, யார் ஒப்பந்தக்காரன் என்று நர்ஸிடம் விசாரித்தான். உங்கள் இடது கையைத் தூக்குங்கள் என்றால், தூக்கிவிட்டேனே என்றான். அவனுடைய இடது கையையே காட்டி, இது யார் கை என்று டாக்டர் கேட்டதற்கு, எங்கள் அக்கா கையாக இருக்கும் என்றான். மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் இப்படித் தன் நோயே தனக்குத் தெரியாமல் போகும் என்று டாக்டர் விளக்கினார். நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு, அவன் பேசுகிற பேச்சைக் கேட்டு உள்ளூரத் தைரியமாகிவிட்டோம். இவ்வளவு பேசுகிறவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது.

நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரே ஒரு பாஸ். தம்பி மனைவி இருந்தாள், சாயங்காலம் நான் வீட்டுக்குத் திரும்பினேன். என் கணவர் அப்போது மாற்றலாகி குவாஹாட்டியில் இருந்தார். புனேயில் படிக்கும் தம்பி மகளுக்கு விவரம் சொன்னேன், கிடைத்த ரயிலில் கிளம்புவதாகச் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். பொதுவாகவே எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று அதை நானே தாங்க முடியாமல், உலர்ந்த துணிகளை மடித்து, கலைத்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் எழுந்ததும் போன் செய்தேன். தம்பி மனைவியின் குரல் தெளிந்திருந்தது.

“ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே இருந்தார், தீதி. துணியை இழுக்குறதும் தலையைத் தேய்க்குறதுமா. இப்பதான் அசந்து தூங்குறார். நீங்க மெதுவா வாங்க. இன்னைக்கு ஹோலி வேற.”

சரி என்று வைத்துவிட்டேன். வைத்தபிறகு டாக்டர் சொன்ன முதல் சொல் நினைவுக்கு வந்தது. தூக்கம். இரவெல்லாம் தூங்காதவன் காலையில் தூங்குவது இயல்புதானே என்று எனக்கு நானே சொன்னேன். அடுப்பில் பால் வைத்தேன். பால் பொங்கும்வரை நிற்க முடியவில்லை. அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

ஹோலி அன்று மெட்ரோ மத்தியானம் வரை ஓடாது. ஆட்டோவும் கிடைக்காது. ஸ்கூட்டிதான் வழி. சந்து முனையிலேயே பலூன் ஒன்று தோளில் வந்து வெடித்தது. அடுத்து ஒரு மாடியிலிருந்து ஒரு வாளி பச்சைத் தண்ணீர். வழக்கமாக இருந்தால் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். ரிட்ஜ் சாலைக்கு வந்த பிறகு ஆள் நடமாட்டமே இல்லை. காலியான சாலையில் ஓட்டுவது பரபரப்பைக் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்தது. ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு விளக்கு எனக்காகவே நீளுவதாகத் தோன்றியது.

மருத்துவமனை வாசலில் காவலர் என்னை உள்ளே விடவில்லை. வண்ணம் பூசிக்கொண்டு வார்டுக்குள் போகக் கூடாது என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. தோட்டத்துக் குழாயில் முகமும் கையும் கழுவினேன். பச்சை முழுதாகப் போகவில்லை. துப்பட்டாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். தம்பி மனைவி கீழே வந்து பாஸைக் கழற்றிக் கொடுத்தாள். “எழுப்பிடாதீங்க” என்றாள். நான் படியேறினேன்.

அவன் உண்மையிலேயே நிம்மதியாகத் தூங்குவதுபோலத்தான் இருந்தான். தலைப்பக்கம் உயர்த்திய கட்டில். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. யார் பார்த்தாலும் தூங்கட்டும் என்றுதான் சொல்வார்கள். தோளைத் தொட்டு, “ஏல” என்றேன். கண் திறக்கவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டு, உலுக்கிய பிறகு திறந்தான்.

“யாருன்னு தெரியுதா?”

“எக்கா” என்றான். கண் மூடிக்கொண்டது.

சரியான பதில்தான். பெயரைக் கேட்டேன், சொன்னான். எங்கே இருக்கிறாய் என்றதற்கு, ஆஸ்பத்திரி என்றான். எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு பதிலும் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து மேலே வருவதுபோல நேரமெடுத்து வந்தது. பிறகு வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டான். சற்று நேரத்தில் இன்னொன்று. மறுபடியும் ஒன்று.

நான் அவனைச் சீண்டிப் பார்த்தேன். டெல்லியில் நான் எந்த வழியாக எங்கே போனாலும் அது தப்பான வழி என்பான். அவன் சொல்லும் வழி ஐந்து நிமிஷம் குறைவாக இருக்கும் என்று நிரூபிக்காமல் விடமாட்டான். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் இதே பேச்சுதான். குனிந்து அவன் காதருகே, “இன்னைக்கு ரிங் ரோட்டுல சுத்திக்கிட்டு வந்தேன். லாஜ்பத் நகர் வழியா” என்றேன். கரோல் பாகிலிருந்து யாரும் அப்படி வரமாட்டார்கள். நேற்று இருந்த தம்பியாக இருந்தால் உனக்குப் பைத்தியமா என்று இந்தியில் ஆரம்பித்திருப்பான்.

“ம்” என்றான்.

நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் ராஜஸ்தான்காரி, பொறுமையானவள். வந்து அவனை எழுப்பிப் பெயர் கேட்டாள், வலது கையைத் தூக்கச் சொன்னாள், டார்ச் அடித்து இரண்டு கருமணிகளையும் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவில்தான் இருந்தன. எழுந்து பதில் சொல்கிறார், இருந்தாலும் முன்பைவிட அசதியாகத்தான் தெரிகிறார், டாக்டரிடம் சொல்கிறேன் என்றாள். டாக்டர் அவசரப் பிரிவுக்குப் போயிருந்தார்.

அதற்குள் நான் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்றுகூட இல்லை, கை சும்மா இருந்தபோதெல்லாம் எழுப்பினேன். தோளைத் தட்டினேன். ஈரக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தேன். அவன் முகம் சுளித்து வலது கையை நெற்றியின் வலப்பக்கம் கொண்டுபோய் அழுத்திக்கொண்டான். வலிக்கிறதா என்று கேட்டேன். “மண்டை வலிக்கி” என்றான், சின்ன வயதில் சொன்னதுபோல. இந்தி ஒரு சொல்கூட வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தம்பி மனைவி கீழே காத்திருக்க முடியாமல் போன் செய்தாள். அவனை எழுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொன்னதும் போனை வைத்துவிட்டாள். உடனே மேலே வந்துவிட்டாள். காவலரிடம் என்ன சொன்னாளோ, வார்டு கதவுவரை விட்டிருந்தார்கள். கதவிடுக்கில் நாங்கள் இருவரும் நின்று பேசினோம். எங்கள் முதல் சண்டை அங்கேதான் நடந்தது, இருவரும் குரலை உயர்த்தாமல்.

அவர் ஒரு இரவு முழுக்கத் தூங்கவில்லை, உடம்புக்கு ஓய்வு வேண்டும், தூங்கினால்தான் மூளை தேறும் என்றாள். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். டாக்டர் ஆயிரம் சொல்வார், காலையில் வந்த நர்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே சொன்னாள் என்றாள். அவன் என்னோடு வழியைப் பற்றிச் சண்டை போடவில்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சொன்னபோது எனக்கே அது அபத்தமாகத்தான் பட்டது.

“உங்களுக்கு உட்காரத் தெரியாது, தீதி. அதுக்காக அவரையும் நிம்மதியா இருக்க விடமாட்டீங்களா?”

அந்தச் சொல் குத்தியது. அவள் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்பதால் இன்னும் குத்தியது. என் பதற்றத்தை அவன்மேல் இறக்குகிறேனோ? களைத்த மனிதனைத் தட்டித் தட்டி எழுப்புவது உதவியா, தொந்தரவா? பாஸைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். நீயே போய் எழுப்பு, அவன் உன்னிடம் எப்படிப் பேசுகிறான் என்று நீயே பார், அதற்குப் பிறகு தூங்கவிடு என்றேன்.

நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஊழியர் குடியிருப்பிலிருந்து மேளச் சத்தம். யாரோ என் பச்சைக் கழுத்தைப் பார்த்து ஹோலி வாழ்த்துச் சொன்னார்கள். நானும் பதிலுக்குச் சொன்னேன்.

அவள் ஓடி வந்தாள். எழுப்பியபோது கண்ணைத் திறந்தாராம், அவளைப் பார்த்தாராம், ஆனால் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லையாம். எழுப்பி உட்கார்த்தலாமா என்று பார்க்கும்போதே வாந்தி எடுத்துவிட்டாராம். வாயில் ஒன்றும் கொடுக்காத மனிதன் எதை வாந்தி எடுப்பது என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் உள்ளே பார்த்தபோது நர்ஸ் அவனைப் பக்கவாட்டில் திருப்பி வாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். இந்த முறை டாக்டரைக் கூப்பிட அவளும் நடக்கவில்லை, ஓடினாள்.

டாக்டர் வந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், மார்பெலும்பை விரல் முட்டியால் அழுத்தினார். அவன் முனகி வலது கையால் தள்ளிவிட்டான். டாக்டர் எங்களைப் பார்த்து, எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவள் இரவு புரண்டதையும் தலையைத் தேய்த்ததையும் சொன்னாள். நான் கொட்டாவியையும் பேச்சு சுருங்கியதையும் சொன்னேன். வழிச் சண்டையையும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட மாற்றம்தான் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை ஏற்றச் சொல்லிவிட்டு, கட்டிலோடு அவனை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஸ்கேன் அறை வாசலில் அவளும் நானும் ஒரே பெஞ்சில் இருந்தோம். நான் இரண்டு முறை எழுந்தேன். மூன்றாவது முறை அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உட்காரச் சொல்வதற்கா, அவளுக்கே பிடிமானம் வேண்டியிருந்ததா தெரியவில்லை. விடவில்லை.

மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் வீட்டிலிருந்து வந்திருந்தார். காது மடலில் இளஞ்சிவப்புக் குலால் பொடி ஒட்டியிருந்தது. படத்தைக் காட்டினார். நடுவில் நேராக ஓட வேண்டிய கோடு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. மண்டையோடு மூடிய பெட்டி, உள்ளே வீங்குவதற்கு இடமில்லை, அதனால் வீங்கிய பாதி நல்ல பாதியைத் தள்ளுகிறது, இன்னும் தள்ளினால் மூச்சையும் இதயத்தையும் நடத்தும் கீழ்ப்பகுதி நசுங்கிவிடும் என்றார். மருந்து கொஞ்ச நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். வலப்பக்க மண்டையோட்டில் ஒரு பெரிய துண்டை எடுத்துவிட்டால் மூளை வெளிப்பக்கமாக வீங்கிக்கொள்ளும். அறுபது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, சீக்கிரம் செய்தால், உயிர் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்.

“இது பக்கவாதத்தைக் குணப்படுத்தும் ஆபரேஷன் இல்லை. உயிரைக் காப்பாத்துறதுக்கு மட்டும். இடது கை, கால் இதனால திரும்பி வராது. பிழைச்சாலும் அடுத்தவங்க உதவி தேவைப்படலாம்.”

அதுவரை எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்த நான் அங்கே நின்றுவிட்டேன். அவன் ஏணியில் ஏறுவது, ஒரே நாளில் நாலு கட்டடம் அலைவது, தண்ணீர் பாட்டிலைக்கூட நின்றபடி குடிப்பது எல்லாம் கண்முன் வந்தன. யாரோ குளிப்பாட்டி, யாரோ ஊட்டி, அப்படி இருக்கச் சம்மதிப்பானா? அவனைக் கேட்க முடியாது. மகள் ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றேன்.

தம்பி மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“காலையிலேருந்து அவரை எழுப்பினது நீங்க. நான் தூங்கட்டும்னேன். இப்ப நீங்க தூங்கட்டும்னு சொல்றீங்களா?”

பிறகு டாக்டரிடம் ஒரே கேள்வி கேட்டாள். என்னை அவருக்கு அடையாளம் தெரியுமா? உறுதி சொல்ல முடியாது, ஆனால் பேச்சுக்கான பகுதி பெரும்பாலும் இடது பாதியில் இருக்கிறது, அது இன்னும் தப்பித்திருக்கிறது என்றார். அது போதும் என்று கையெழுத்துப் போட்டாள். அவள் மகளுக்குப் போன் செய்து சொன்னபோது அனுமதி கேட்கவில்லை, முடிவைச் சொன்னாள்.

அறுவை முடிந்து அவன் வெளியே வந்ததும், அடுத்த சில நாட்கள் மயக்க மருந்தில் கிடந்ததும், வீக்கம் உச்சத்துக்குப் போய் மெல்ல வடிந்ததும் என் நினைவில் வரிசையாக இல்லை. மகள் வந்து தன் பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதது இருக்கிறது. தலைக்கட்டின் வலப்பக்கம் ‘எலும்பு இல்லை’ என்று மார்க்கரில் இந்தியில் எழுதியிருந்தது இருக்கிறது. மூச்சுக் குழாயை எடுத்த பிறகு தம்பி மனைவி குனிந்து நான் யார் என்று கேட்டதும், அவன் கரகரத்த குரலில் அவளுடைய செல்லப் பெயரைச் சொன்னதும் இருக்கிறது. நான் அப்போது கதவருகே நின்றிருந்தேன். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தோள் மட்டும் தெரிந்தது.

வெட்டி எடுத்த எலும்பை அவன் வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரமாக வைத்துத் தைத்திருந்தார்கள், பின்னால் எடுத்துப் பொருத்துவதற்காக. தேறத் தொடங்கிய காலத்தில், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தன் மண்டை வயிற்றில் இருக்கிறது என்று சொல்லிச் சட்டையைத் தூக்குவான். வீக்கம் வடிந்த பிறகு தலையின் அந்தப் பக்கம் உள்வாங்கிப் போயிற்று. வெளியே போகும்போது கெட்டியான தொப்பி மாட்டிவிட வேண்டும். பல மாதம் கழித்து எலும்பைத் திரும்ப வைத்தார்கள்.

சிரித்த நாட்களைவிடச் சிரிக்காத நாட்கள் அதிகம். கால் கொஞ்சம் வந்தது. காலில் பட்டை மாட்டி, கோல் ஊன்றி, வீட்டுக்குள் நடப்பான். கை வரவில்லை. மனைவிமேல் எரிந்து விழுந்தான். பிசியோதெரபிக்கு வருபவரைத் திருப்பி அனுப்பினான். ஒரு மத்தியானம் நான் அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். இடது கையைச் சட்டைக்குள் நுழைக்க நேரமாயிற்று. அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அன்னைக்கு என்னை எழுப்பாம விட்டிருக்கலாம்க்கா.”

அந்த நாளை எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எழுப்பாமல் விட்டிருந்தால் என்ற பக்கத்துக்கு மட்டும் போனதில்லை. பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த அறையில் இருந்த அவன் மனைவி காதில் விழுந்திருக்கிறது. வந்தாள். எதிரே நின்று அவனைப் பார்த்தாள், பிறகு கோலை எடுத்து அவன் வலது கையில் கொடுத்து, வாசல் வரை நடந்துவிட்டு வரலாம் என்றாள். போனான். முனகிக்கொண்டேதான் போனான்.

டாக்டர் மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தார். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கும் வருவது, வெட்கப்பட வேண்டியதில்லை என்றார். மருந்து பிடித்துக்கொள்ளச் சில வாரம் ஆயிற்று. கம்பெனியில் அவனுக்குப் போனில் புகார் கேட்டு ஆள் அனுப்பும் வேலை கொடுத்தார்கள், வீட்டிலிருந்தே. கட்டடத்தின் பெயரைச் சொன்னாலே அந்த லிஃப்டில் என்ன கோளாறு இருக்கும் என்று அவனுக்குத் தெரிகிறது. ஆனால் சாயங்காலத்துக்குள் களைத்துவிடுகிறான். சில நாள் கோபம் வந்து போனை வைத்துவிடுவதும் உண்டு.

எனக்கு இன்னும் அவன் பகலில் தூங்கினால் பொறுக்காது. முதல் வருஷம் தினமும் காலையில் போன் செய்து, எழுந்துவிட்டானா, என்ன பேசினான் என்று கேட்பேன். ஒருநாள் தம்பி மனைவி, எழுந்ததும் அவரையே உங்களோடு பேசச் சொல்கிறேன், நீங்கள் கேட்க வேண்டாம் என்றாள். எரிச்சலோடு சொல்லவில்லை. அன்றிலிருந்து அவனே கூப்பிடுகிறான். பெரும்பாலும் ஒன்றும் விஷயம் இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிட்டேன். அவள் எங்கள் வீட்டுப் பக்குவத்தில் சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் கொஞ்சம் திரிந்துவிட்டது. தம்பி சாதத்தில் வலது பாதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, உருளைக்கிழங்கு வைக்கவே இல்லையே என்றான். தட்டின் இடப்பக்கம் முழுக்க உருளைக்கிழங்கு இருந்தது. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை அவன் மூளை அடிக்கடி மறந்துவிடுகிறது. அவள் பேசிக்கொண்டே கையை நீட்டித் தட்டைத் திருப்பி வைத்தாள்.

“இது எப்ப வந்தது?” என்றான்.

“இப்பதான்” என்றாள் அவள் தமிழில், சாப்பிடுவதை நிறுத்தாமல்.

அவன் குனிந்து மிச்சத்தைச் சாப்பிட ஆரம்பித்தான்.